ஒரே கெர்னல், பல குடித்தனம்

1973இல் சென்னை ஐஐடி வளாகத்துக்கு மேற்கு ஜெர்மனியின் உதவியோடு ஐபிஎம் 370/155 வந்து சேர்ந்தது. அன்றைய இந்தியாவின் பெரிய கணினிகளில் அதுவும் ஒன்று. துளையிட்ட அட்டைகளைக் கட்டாகக் கொடுத்துவிட்டு, விடை அச்சாகி வரும்வரை எல்லாரும் காத்திருக்க வேண்டும்.

ஒரே இயந்திரத்தை எப்படிப் பல பேருக்குப் பங்கிடுவது? ஐபிஎம் ஏற்கெனவே ஒரு வழி கண்டிருந்தது. 1972 ஆகஸ்டில் அது அறிவித்த விஎம்/370 மென்பொருள் ஒரு கணினியைப் பல கணினிகளாக நடிக்க வைக்கும். பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் முழு இயந்திரமும் தன்னுடையது என்றே தோன்றும். ஆனால் நினைவக முகவரிகளை உடனுக்குடன் மாற்றித்தரும் தனி வன்பொருள் அதற்குத் தேவை. ஆலையிலிருந்து வரும் 155 மாடலில் அது கிடையாது. கூடுதல் பணம் கொடுத்துப் பொருத்திக்கொள்ள வேண்டும். பாதுகாப்பான பங்கீட்டுக்குச் சிப்பின் துணை வேண்டும் என்ற அந்தப் பாடம் இன்றும் மாறவில்லை.

அன்றைய அந்த நடிப்பைத்தான் இன்று விர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக விஎம், என்கிறோம். அதை நடத்தும் மென்பொருள் ஹைப்பர்வைசர். 2013இல் டாக்கர் என்ற மென்பொருள் வந்த பிறகு கன்டெய்னர் என்ற பேச்சு ஓங்கியது. ‘கன்டெய்னர் இருக்கும்போது விஎம் எதற்கு?’ என்று இளம் பொறியாளர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ‘விஎம் வேண்டாம்’ என்ற முடிவுக்கு அவசரப்பட்டுப் போகக்கூடாது.

மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டி இருந்த ஒண்டுக்குடித்தன வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிப் போர்ஷன், தனிப் பூட்டு. கிணறு மட்டும் எல்லாருக்கும் பொது. கன்டெய்னரும் அப்படித்தான். ஒவ்வொரு செயலிக்கும் தனிக் கோப்புகள், தனி நெட்வொர்க், தனிக் கணக்கு. அடியில் இருக்கும் லினக்ஸ் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, மட்டும் ஒன்றே ஒன்று. அதனால்தான் கன்டெய்னர் நொடியில் எழுந்து ஓடுகிறது. விஎம் தனக்கென்று ஒரு முழு இயங்குதளத்தைச் சுமந்துகொண்டு எழ வேண்டும்.

ஒரு கன்டெய்னர் மற்றவற்றின் பங்கைத் தின்றுவிடாமல் தடுக்கும் ஏற்பாட்டுக்கு சிகுரூப் என்று பெயர். கூகுள் பொறியாளர்கள் பால் மேனேஜும் ரோஹித் சேத்தும் 2006இல் தொடங்கிய வேலை அது. 2008 ஜனவரியில் லினக்ஸ் 2.6.24இல் சேர்ந்தது. இந்தத் துறையில் இந்தியாவின் கை இருப்பதை நம் ஊரில் அதிகம் பேர் சொல்லிக் கேட்டதில்லை. ஐபிஎம்மின் இந்தியப் பொறியாளர்களான பல்பீர் சிங் நினைவகத்துக்கு வரம்பு வைக்கும் பகுதியிலும், ஸ்ரீவத்ச வட்டகிரி சிபியு நேரத்தைக் குழுக்களுக்கு நியாயமாகப் பகிரும் பகுதியிலும் முக்கியமாக உழைத்தவர்கள். தீபாவளி நேரத்தில் ஒரு தி.நகர் துணிக்கடையின் இணையதளத்தில் கூட்டம் மொய்க்கும்போது, அதே சர்வரில் ஓடும் பில்லிங் செயலி மூச்சுத் திணறாமல் இருக்கிறது என்றால், அதற்குப் பின்னால் இந்த வேலைதான் நிற்கிறது.

சிகுரூப் பங்கைத்தான் காக்கும். திருடனைத் தடுப்பது அதன் வேலை அல்ல. லினக்ஸ் கெர்னலிடம் ஒரு நிரல் முந்நூறுக்கும் மேற்பட்ட வகைகளில் சேவை கேட்கலாம். அவற்றில் எந்த ஒன்றில் ஓட்டை இருந்தாலும் பொதுக் கெர்னல் ஆபத்தில் சிக்கும். கெர்னலைத் தொடாமலேயே தப்பிக்கவும் வழி இருந்திருக்கிறது. கன்டெய்னர்களைத் தொடங்கி வைக்கும் ரன்சி என்ற நிரலில் ஒரு பிழை 2019 பிப்ரவரியில் வெளியானது. தீய நோக்குள்ள கன்டெய்னர் ஒன்று அந்த நிரலையே மாற்றி எழுதி, சர்வரின் முழு அதிகாரத்தை (ரூட்) கைப்பற்ற அது இடம் கொடுத்தது. விஎம்முக்குள் இருப்பவனுக்கு வெளியே தெரிவது ஒரு சில மெய்நிகர்ச் சாதனங்கள்தான். சுவருக்குப் பின்னால் சிப்பின் ஆதரவும் இருக்கிறது. அங்கேயும் ஓட்டைகள் அகப்படும். ஆனால் முட்டிப் பார்க்க இடம் குறைவு.

எனவே பெரிய நிறுவனங்கள் இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் தன் கிளவுட் சேவையான அஷூருக்காக 2015இல் திறந்த தென்னிந்திய மையம் சென்னையில்தான் இருக்கிறது. அஷூரில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் எடுத்தால், உங்கள் கன்டெய்னர்கள் ஓடும் ஒவ்வொரு கணினியும் (நோடும்) பொதுவாக ஒரு விஎம்தான். விஎம் பாரமானது என்ற பழைய புகாருக்கும் பதில் வந்துவிட்டது. அமேசான் 2018இல் வெளியிட்ட ஃபயர்கிராக்கர், லினக்ஸின் கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர் மீது ஓடுகிறது. தேவையற்ற சாதனங்களை எல்லாம் கழித்துக் கட்டியதால், அதன் குட்டி விஎம் 125 மில்லி நொடியில் எழுகிறது. ஒன்றுக்கு ஆகும் கூடுதல் நினைவகம் 5 எம்பிக்கும் குறைவு. இந்த வேகத்துக்குப் பிறகும் ‘பாரம்’ என்று சொல்லி விஎம்மை ஒதுக்குவது சோம்பல்.

சொந்தமாக எழுதிய நிரலை மட்டும் ஓட்டும் சிறு நிறுவனத்துக்கு, ஒரே விஎம்முக்குள் பல கன்டெய்னர்கள் போதும். வெவ்வேறு வாடிக்கையாளர்களின் நிரல்களை, அதிலும் முன்பின் தெரியாதவர் எழுதியதை, ஓட்டுபவர்கள் ஆளுக்கொரு விஎம் கொடுத்தே ஆக வேண்டும். உங்கள் அலுவலக சர்வர்களைப் பார்த்துக்கொள்பவரிடம் இந்த வாரமே இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எந்தெந்தக் கன்டெய்னர்கள் ஒரே கெர்னலைப் பகிர்கின்றன? அந்தக் கெர்னலைக் கடைசியாக எப்போது புதுப்பித்தீர்கள்?