வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர் வேலை: சான்றிதழ் வாங்குமுன் சில கேள்விகள்



பாசிர் ரிஸ்ஸில் குடியிருப்பவர்களுக்கு விமானம் பறப்பது புதிய காட்சி அல்ல. தானா மேராவில் ரயில் மாறினால் சாங்கி விமான நிலையம் வந்துவிடும். ஆனால் விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் வெளிநாட்டு வேலையும் பக்கத்தில் வந்துவிடுமா? அண்மையில் எங்கள் புளோக்கில் குடியிருக்கும் ஒரு தாயார் மின்தூக்கி அருகே என்னை நிறுத்திச் சொன்ன செய்தி, இந்தக் கேள்வியை என் மனத்தில் எழுப்பியது.

அவருடைய மகள் பட்டதாரி. இரண்டு மூன்று ஆண்டுகள் வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கவேண்டும் என்பது அந்தப் பெண்ணின் ஆசை. '120 மணி நேரப் பயிற்சி, உலகெங்கும் செல்லும் சான்றிதழ்' என்று இணையத்தில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, சேமிப்பிலிருந்து பணம் கட்டிப் படித்து முடித்தாள். பிறகு தென்கொரியாவில் ஒரு தனியார் மொழிப்பள்ளிக்கு விண்ணப்பித்தாள். வந்த பதில் ஒரே வரி: "உங்கள் கடப்பிதழ் எந்த நாட்டுடையது?" சிங்கப்பூர் என்று எழுதினாள். அதற்குப் பிறகு பதிலே இல்லை.

"அண்ணே, எங்க பொண்ணு தொடக்கநிலை ஒன்னுலேருந்து இங்கிலீஷ்லதானே படிச்சா? வீட்டுலயும் பாதி நேரம் இங்கிலீஷ்தான். அப்புறம் அவகிட்ட என்ன குறை?" என்று கேட்டார் அந்தத் தாயார்.

குறை அந்தப் பெண்ணிடம் இல்லை. அவள் கேள்விகளைக் கேட்ட வரிசையில்தான் குறை. நம்மில் பலர் செய்வதுபோல அவளும் சான்றிதழில் தொடங்கினாள். இந்த வேலையில் சான்றிதழ் மூன்றாவதாக வரவேண்டியது. முதலில் கடப்பிதழ், அடுத்து பட்டம், அதன் பிறகே சான்றிதழ், கடைசியாகப் பத்திரங்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி: கடப்பிதழ்

தென்கொரியாவில் மொழி கற்பிக்க வருவோருக்கு இ-2 என்ற விசா தருகிறார்கள். ஆங்கிலத்திற்கு அந்த விசாவைப் பெறக்கூடியவர்கள் அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்கள். இந்தப் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. நீங்கள் எவ்வளவு நன்றாக ஆங்கிலம் பேசினாலும் பட்டியல் மாறாது.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. இந்தியாவும் தென்கொரியாவும் செய்துகொண்ட பொருளியல் உடன்பாடு 2010ஆம் ஆண்டு சனவரியில் நடப்புக்கு வந்தது. அதன்படி, பட்டமும் ஆங்கில ஆசிரியர் தகுதியும் உள்ள இந்தியக் குடிமக்கள் கொரியப் பள்ளிகளில் உதவி ஆசிரியராக விண்ணப்பிக்க வழி இருக்கிறது. அதாவது, ஒரே புளோக்கில் குடியிருக்கும் இருவரில், பி.எட். முடித்த இந்தியக் குடிமகளான நிரந்தரவாசிக்குக் கதவு சற்றே திறந்திருக்கும். இங்கேயே பிறந்து ஆங்கிலத்திலேயே படித்த சிங்கப்பூர்க் குடிமகளுக்கு மூடியிருக்கும். ஆங்கிலம் யாருக்கு நன்றாக வரும் என்பதை வைத்து இந்த விதிகள் எழுதப்படவில்லை. நாடுகளுக்கு இடையிலான ஏற்பாடுகளை வைத்து எழுதப்பட்டவை.

சீனாவிலும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டவர் வேண்டும் என்பதே பொது விதி. அங்கும் ஏறக்குறைய இதே ஏழு நாடுகளைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். இணையம் வழியாக வீட்டிலிருந்தே சீனப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாம் என்று எண்ணுபவர்களுக்கும் ஒரு செய்தி. 2021 சூலையில் சீன அரசாங்கம் துணைப்பாடத் துறைக்குக் கடுமையான கட்டுப்பாடுகளை விதித்தது. வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியர்களைக் கொண்டு பாடம் நடத்துவதும் அப்போது தடை செய்யப்பட்டது. அந்தச் சந்தையை நம்பிச் சான்றிதழ் எடுக்காதீர்கள்.

ஜப்பானில் நிலைமை வேறு. அங்கே அரசாங்கம் 1987இல் தொடங்கிய ஜெட் திட்டத்தில் சிங்கப்பூரும் பங்கேற்கிறது. பள்ளிகளில் உதவி மொழி ஆசிரியராகச் சேர, பங்கேற்கும் நாட்டின் குடியுரிமையும் பட்டப்படிப்பும் வேண்டும். கற்பித்தல் சான்றிதழ் இருந்தால் நல்லது, கட்டாயம் இல்லை. ஓராண்டு ஒப்பந்தம், புதுப்பித்துக்கொண்டே போனால் அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள் இருக்கலாம்.

ஜெட் திட்டத்திற்கு வெளியே தனியாக வேலை தேடுபவர்களுக்கும் ஜப்பானியக் குடிநுழைவு விதிகளில் ஒரு நல்ல வழி உண்டு. பள்ளிகளில் உதவி ஆசிரியர் போன்ற பணிகளில் அயல்மொழி கற்பிப்பவர், அந்த மொழி வழியாகப் பன்னிரண்டு ஆண்டுகளாவது கல்வி பெற்றிருக்கவேண்டும் என்பது விதி. கணக்குப் போட்டுப் பாருங்கள். தொடக்கநிலை ஆறு ஆண்டுகள், உயர்நிலை நான்கு, தொடக்கக் கல்லூரி இரண்டு. பன்னிரண்டு வந்துவிட்டது. பல்கலைக்கழகம் அதற்கு மேல். சிங்கப்பூரில் 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல்மொழி என்பதால், அதன் பிறகு இங்கு முழுமையாகப் படித்தவர்களுக்கு இந்த விதி தடையாக இராது. ஆனால் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்து, கல்லூரியில் ஆங்கிலத்திற்கு மாறியவர்கள் இந்தக் கணக்கைக் கவனமாகப் பார்க்கவேண்டும்.

ஆகவே, 'எந்தச் சான்றிதழ் எடுக்கலாம்' என்று கேட்பதற்கு முன்னால், 'என் கடப்பிதழை எந்த நாடு ஏற்கும்' என்று கேளுங்கள். அந்த நாட்டுத் தூதரகத்தின் இணையத்தளத்தில் விடை இருக்கும். அதைப் படிக்கக் காசு தேவையில்லை.

இரண்டாவது கேள்வி: பட்டம்

"எனக்கு டிப்ளோமா இருக்கிறது, கூடவே கற்பித்தல் சான்றிதழும் இருக்கிறது, போதாதா?" என்று பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் கேட்பதுண்டு. பெரும்பாலான ஆசிய நாடுகளில் போதாது. ஜப்பான், தென்கொரியா, சீனா, வியட்னாம் என்று எதை எடுத்தாலும் பட்டப்படிப்பு என்பது வேலை விசாவோடு பின்னிக் கிடக்கிறது. பல இடங்களில் எந்தத் துறைப் பட்டமாக இருந்தாலும் பரவாயில்லை. கணக்கியல் படித்தவரும் போகலாம், பொறியியல் படித்தவரும் போகலாம். பட்டம் இல்லாமல் ஒரு பள்ளி உங்களை எடுத்துக்கொள்கிறது என்றால், என்ன விசாவில் எடுத்துக்கொள்கிறது என்று கேட்டுவிட்டு மேற்கொண்டு பேசுங்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டையும் மனத்தில் வையுங்கள். மொழிப்பள்ளியில் ஆங்கிலம் கற்பிப்பது ஒரு வேலை. அனைத்துலகப் பள்ளியில் முழுநேர ஆசிரியராக இருப்பது முற்றிலும் வேறு வேலை. இரண்டாவதற்குக் குறுகியகாலச் சான்றிதழ் எதுவும் உதவாது. முறையான ஆசிரியர் பயிற்சி வேண்டும். சிங்கப்பூரில் அதற்கு உரிய இடம் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் தேசியக் கல்விக் கழகம். அங்கே பட்டமேற்படிப்பு ஆசிரியர் பயிற்சி பெற்று, உள்ளூர்ப் பள்ளியில் சில ஆண்டுகள் பணியாற்றியவரை அனைத்துலகப் பள்ளிகள் மதிக்கும். சம்பளமும் அதற்கேற்ப இருக்கும். ஆயுள் முழுவதும் ஆசிரியராக இருக்க நினைப்பவர்கள் இந்த நீண்ட வழியையே யோசிக்கவேண்டும்.

மூன்றாவது கேள்வி: சான்றிதழ்

இப்போது சான்றிதழுக்கு வருவோம். டெஃபல், டெசல் என்று விளம்பரங்களில் வருபவை தனிப்பட்ட பட்டங்களின் பெயர்கள் அல்ல. பிறமொழியினருக்கு ஆங்கிலம் கற்பித்தல் என்ற துறையின் சுருக்கப் பெயர்கள். அந்தப் பெயரில் சான்றிதழ் வழங்க உலக அளவில் யாருடைய அனுமதியும் தேவையில்லை. நல்ல பயிற்சியும் அந்தப் பெயரில் வரும், ஒன்றுக்கும் உதவாததும் வரும்.

பரவலாக ஏற்கப்படுபவை இரண்டு. ஒன்று கேம்பிரிட்ஜின் செல்டா. மற்றொன்று லண்டன் டிரினிட்டி கல்லூரியின் செர்ட் டெசல். குறுகிய காலத்தில் ஆசிரியரைத் தயார்செய்யும் இந்த முறை 1962இல் லண்டனில், ஜான் ஹேகிராஃப்ட் நடத்திய இன்டர்நேஷனல் ஹவுஸ் பள்ளியில் தொடங்கியது. செல்டா அந்த வழியில் வந்தது. செல்டா பயிற்சி ஏறத்தாழ 120 மணி நேரம். அதில் ஆறு மணி நேரம் நீங்கள் உண்மையான மாணவர்கள் முன்னால் நின்று பாடம் நடத்தவேண்டும். பயிற்றுநர் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். நான்கு எழுத்துப் படைப்புகளும் உண்டு. 18 வயது நிரம்பி, உயர்ந்த நிலை ஆங்கிலம் இருந்தால் சேரலாம். பட்டம் கட்டாயம் இல்லை. ஆனால் நான் முன்பு சொன்னதுபோல, விசாவுக்குப் பட்டம் வேண்டியிருக்கும்.

விளம்பரத்தில் வரும் 120 மணி நேரமும் செல்டாவின் 120 மணி நேரமும் ஒன்று போலத் தெரிவதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். நேரில் மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் பயிற்சி எத்தனை மணி நேரம்? அதைப் பார்த்து மதிப்பிடுபவர் யார்? அந்த நிறுவனத்திற்கு வெளியே இருந்து யாராவது தேர்வைச் சரிபார்க்கிறார்களா? 'எல்லாம் இணையத்திலேயே முடிந்துவிடும், மாணவர்களைச் சந்திக்கவே தேவையில்லை' என்று பதில் வந்தால், நீங்கள் வாங்குவது ஒரு பாடப்புத்தகமும் ஒரு தாளும்தான்.

நான்காவது: பத்திரங்கள்

வேலை கிடைத்த பிறகு பலர் தடுமாறும் இடம் இது. பட்டச் சான்றிதழ், காவல்துறையின் நன்னடத்தைச் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றைப் பல நாடுகள் கேட்கும். வெறும் நகல் செல்லாது. மூலப் பத்திரம் உண்மையானது என்று உறுதிசெய்யும் முத்திரை வேண்டும். சிங்கப்பூர் அப்போஸ்டில் எனப்படும் அனைத்துலக ஏற்பாட்டில் சேர்ந்து, அது 2021 செப்டம்பர் 16 முதல் நடப்பில் இருக்கிறது. அந்த முத்திரையைச் சிங்கப்பூர்ச் சட்டக் கழகம் வழங்குகிறது. இதற்கெல்லாம் நாள் பிடிக்கும். புறப்படும் வாரத்தில் ஓடினால் நடக்காது. ஆண் பிள்ளைகள் தேசியச் சேவைக் கடப்பாட்டையும் மறக்கக்கூடாது. ஆறு மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்குவதென்றால் அதற்கான வெளியேற்ற அனுமதியை முன்கூட்டியே பெறவேண்டும்.

இங்கே பெற்றோருக்கும் ஓர் எச்சரிக்கை. "இப்போதைக்குச் சுற்றுப்பயணியாக வாருங்கள், வேலை அனுமதியை வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று எந்தப் பள்ளியாவது சொன்னால் பிள்ளையை அனுப்பாதீர்கள். சுற்றுப்பயணி விசாவில் வேலை செய்து பிடிபட்டால் அபராதமும் நாடுகடத்தலும் ஆசிரியருக்குத்தான். சம்பளம் தராமல் விட்டாலும் புகார் கொடுக்க முடியாத நிலை வந்துவிடும்.

நம்மிடம் இருக்கும் பலம்

'ஆங்கிலம் உங்கள் தாய்மொழி அல்ல' என்று ஒரு நாடு சொல்லும்போது நம் பிள்ளைகளுக்கு மனம் சுருங்கும். இது இயல்புதான். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியர்களில் 59.2 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். ஆரஞ்சு குரோவ் ரோட்டில் இருக்கும் ஆர்இஎல்சி எனப்படும் வட்டார மொழி நிலையம், 1968 முதல் தென்கிழக்காசிய நாடுகளின் மொழி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்து வந்திருக்கிறது. இந்த வட்டார ஆசிரியர்களுக்கே கற்றுக்கொடுத்த ஊர் இது.

ஆனாலும் பேசத் தெரிவது வேறு, சொல்லிக்கொடுக்கத் தெரிவது வேறு. 'திங்கட்கிழமையிலிருந்து' என்பதற்கு ஆங்கிலத்தில் 'சின்ஸ்' வரும், 'மூன்று நாளாக' என்பதற்கு 'ஃபார்' வரும். நமக்கு வாயில் தானாக வந்துவிடும். ஒரு ஜப்பானியச் சிறுவன் ஏன் என்று கேட்டால்? தொடங்கிய நேரத்தைச் சொல்ல ஒன்று, கடந்த கால அளவைச் சொல்ல மற்றொன்று என்று அவனுக்குப் புரியும்படி விளக்க முடிந்தால்தான் நாம் ஆசிரியர். இரண்டு மொழிகளோடு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்த விளக்கம் விரைவில் கைவரும். ஒரு மொழி இன்னொரு மொழிபோல் நடக்காது என்பதை அவர்கள் சிறுவயதிலேயே கண்டவர்கள். தமிழை வீட்டில் விட்டுவிடாதவர்களுக்கு இது கூடுதல் பலம்.

அனுபவத்தை இங்கேயே தொடங்கலாம். சிண்டா போன்ற அமைப்புகளில் தொண்டூழியராகச் சேர்ந்து, பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுங்கள். ஓராண்டு அப்படிச் செய்தால், இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்பது செலவில்லாமல் தெரிந்துவிடும். நேர்முகத் தேர்விலும் சொல்ல ஏதாவது இருக்கும்.

அந்தத் தாயாரிடம் நான் சொன்னதும் இதுதான். மகளின் பட்டம் வீண் போகவில்லை. பன்னிரண்டு ஆண்டுக் கணக்கும் சரியாக இருக்கிறது. ஜெட் திட்டத்திற்கு ஆண்டு இறுதிவாக்கில் விண்ணப்பித்தால், தேர்வானவர்கள் மறு ஆண்டு நடுப்பகுதிக்குப் பிறகு புறப்படுவார்கள். "அப்ப கட்டின காசு?" என்று கேட்டார். அது திரும்பி வராது. ஆனால் இந்த வரிசையை நாலு பேர் தெரிந்துகொண்டால், அடுத்த வீட்டுப் பிள்ளையின் காசாவது மிஞ்சும்.