மறைமேடையிலிருந்து மன்றத்திற்கு: போதகர் நிக்கல்ஸ் ராயின் அரசியலும் ஆறாவது அட்டவணையும்

ஆய்வுச்சுருக்கம்

கிறித்தவப் போதகராகப் பொதுவாழ்வைத் தொடங்கி, அசாம் மாகாணத்தின் அமைச்சராகவும் இந்திய அரசியல் நிருணய சபையின் உறுப்பினராகவும் விளங்கியவர் ஜே. ஜே. எம். நிக்கல்ஸ் ராய் (1884–1959). ஒழுக்கநெறியில் கண்டிப்பும் மது எதிர்ப்பும் கொண்ட திருச்சபை மரபினர் அவர். அத்தகைய ஒருவர், தம் சமயம் ஏற்காத வழக்கங்களையும் உள்ளடக்கிய பழங்குடி மரபுக்கு அரசியலமைப்புப் பாதுகாப்புத் தேடியது எவ்வாறு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நிக்கல்ஸ் ராய், காஸி மக்கள், ஆறாவது அட்டவணை, மதுவிலக்கு, வழக்காறு.

முன்னுரை

திருப்பூரின் பின்னலாடைத் தொழிற்கூடங்களில் இன்று அசாம் உள்ளிட்ட பிற மாநிலத் தொழிலாளர் பலர் பணிபுரிகின்றனர். அவர்தம் புலப்பெயர்வை ஆராய முற்படுவோர், வடகிழக்கின் நிலவுரிமை, தன்னாட்சி மன்றங்கள், வழக்காற்றுச் சட்டம் ஆகியவற்றையும் அறிய வேண்டியுள்ளது. இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக அமைவது அரசியலமைப்பின் ஆறாவது அட்டவணை. தமிழகத்தில் ஐந்தாவது அட்டவணைப் பகுதியோ ஆறாவது அட்டவணைப் பகுதியோ இல்லாமையால், இப்பொருள் தமிழ் ஆய்வுலகில் போதிய கவனம் பெறவில்லை.

அரசியல் நிருணய சபையில் சமயப் பணியாளர் சிலரும் இடம்பெற்றிருந்தனர். சென்னை மாகாணத்திலிருந்து சென்ற இலயோலாக் கல்லூரி முதல்வர் ஜெரோம் டிசூசா அடிகளார் தமிழ் வாசகர்க்கு ஓரளவு அறிமுகமானவர். அசாமிலிருந்து சென்ற நிக்கல்ஸ் ராய் அத்துணை அறியப்பட்டவர் அல்லர். ஆயின், ஆறாவது அட்டவணையின் உருவாக்கத்தில் அவர் வகித்த பங்கு பெரிது.

போதகர் உருவான சூழல்

இன்றைய மேகாலயாவில், காஸி மலையின் தென்சரிவில் அமைந்த ஷெல்லா என்னும் ஊரில் 1884இல் நிக்கல்ஸ் ராய் பிறந்தார். காஸி மக்கள் தாய்வழிச் சமூகத்தினர். குலம் தாய்வழியே தொடரும். குடும்பத்தின் பரம்பரைச் சொத்தைப் பேணும் பொறுப்பும் சடங்குக் கடமையும் கடைசி மகளுக்கு உரியன. 1841இல் சிராப்புஞ்சிக்கு வந்த வேல்ஸ் நாட்டுச் சமயத்தொண்டர் தாமஸ் ஜோன்ஸ் காஸி மொழிக்கு உரோமன் வரிவடிவம் அமைத்தார். அது முதல் கல்வியும் கிறித்தவமும் அம்மலையில் இணைந்தே பரவின.

நிக்கல்ஸ் ராய் வேல்ஸ் மிஷனின் வட்டத்திற்குள் நின்றுவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் ஆண்டர்சன் நகரை மையமாகக் கொண்ட சர்ச் ஆஃப் காட் இயக்கத்தோடு இணைந்து போதகப் பணி புரிந்தார். தூய வாழ்வை வலியுறுத்திய அவ்வியக்கம் மது, புகையிலை ஆகியவற்றை விலக்கியது. அமெரிக்கரான நோரா நிக்கல்ஸை மணந்த அவர், மனைவியின் குடும்பப்பெயரையும் தம் பெயரோடு இணைத்துக்கொண்டார்.

சட்டமன்றப் பணி

1919ஆம் ஆண்டுச் சட்டம் இரட்டையாட்சி முறையைக் கொண்டுவந்தது. அதன்கீழ் அமைந்த அசாம் சட்டமன்றத்தில் 1921இல் அவர் உறுப்பினரானார். மது, அபின் ஆகியவற்றுக்கு எதிரான நிலைப்பாடு அவருடைய பொதுவாழ்வு நெடுகிலும் தொடர்ந்தது. 1937இல் முகமது சாதுல்லா அமைத்த அமைச்சரவையில் இடம்பெற்றார். 1946இல் கோபிநாத் பர்தலை தலைமையிலான காங்கிரஸ் அமைச்சரவையிலும் பொறுப்பேற்றார். கட்சி எல்லைகளைக் கடந்த இப்பயணத்தில், மலைமக்களின் நலனை வலியுறுத்துதல் மாறாத கூறாக இருந்தது.

அரசியல் நிருணய சபையில்

அசாமின் பழங்குடிப் பகுதிகளின் ஆட்சிமுறை குறித்துப் பரிந்துரைக்க, பர்தலை தலைமையில் ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. நிக்கல்ஸ் ராய், ரூப்நாத் பிரம்மா, ஏ. வி. தக்கர் ஆகியோர் அதில் பணியாற்றினர். 1947 ஜூலையில் அளிக்கப்பட்ட அக்குழுவின் அறிக்கையே ஆறாவது அட்டவணைக்கு அடித்தளமாயிற்று.

1949 செப்டம்பர் 5 முதல் 7 வரை இவ்வட்டவணை விவாதிக்கப்பட்டது. குலாதர் சாலிகா, ரோகிணி குமார் சௌத்ரி முதலிய அசாம் உறுப்பினர்களே அதனைக் கடுமையாக எதிர்த்தனர். இவர்களுள் சௌத்ரி, 1937ஆம் ஆண்டு அமைச்சரவையில் நிக்கல்ஸ் ராயோடு உடனிருந்தவர். தனி மன்றங்கள் பிரிவினைக்கு வழிகோலும் என்பது எதிர்ப்பாளர்களின் அச்சம். மலைச் சமூகங்களில் சாதி ஏற்றத்தாழ்வு இல்லை. அவற்றின் பண்பாட்டை மற்றொரு பண்பாடு விழுங்குவது ஒருமைப்பாடு ஆகாது. நம்பிக்கையூட்டியே அம்மக்களை அணைத்துக்கொள்ள இயலும் என்பது நிக்கல்ஸ் ராய் முன்வைத்த வாதத்தின் சாரம். அண்ணல் அம்பேத்கரும் அட்டவணையின் தேவையை எடுத்துரைத்தார்.

பன்னிரண்டாம் பத்தி

நிலம், காடு, இடம்பெயர் வேளாண்மை, ஊராட்சி, குலத்தலைவர் நியமனம், சொத்துரிமை, திருமணம், சமூக வழக்கங்கள் ஆகியவை குறித்துச் சட்டமியற்றும் உரிமையை ஆறாவது அட்டவணையின் மூன்றாம் பத்தி மாவட்ட மன்றங்களுக்கு வழங்குகிறது. இதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது பன்னிரண்டாம் பத்தி. மூன்றாம் பத்திக்குரிய பொருள்கள் பற்றிய மாநிலச் சட்டங்களோடு, வடித்தெடுக்கப்படாத மதுவை அருந்துவதைத் தடுக்கும் அல்லது கட்டுப்படுத்தும் மாநிலச் சட்டமும், மாவட்ட மன்றம் ஆணையிட்டாலன்றி, தன்னாட்சி மாவட்டத்தில் செல்லாது என்று அது கூறுகிறது.

அரிசி முதலியவற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் மது, மலைச் சமூகங்களின் சடங்குகளோடு பிணைந்தது. காஸி மக்களின் மரபான பெயர்சூட்டு விழாவில், சுரைக்குடுவையிலிருந்து அரிசி மதுவைச் சொரிந்தவாறே பெயர்களைச் சொல்லும் வழக்கத்தைப் பி. ஆர். டி. கர்டன் 1907இல் வெளியான தம் நூலில் பதிவு செய்துள்ளார். மதுவை அறவே விலக்கிய போதகர் ஒருவர் பங்கேற்று உருவாக்கிய ஏற்பாடு, அந்தச் சடங்கு மதுவுக்கு அரண் அமைத்தது. அட்டவணை பலரின் கூட்டு முயற்சியாதலின், அதன் ஒவ்வொரு தொடரையும் ஒருவருக்கே உரியதாகக் கொள்ளலாகாது. எனினும், அவர் சபையில் அரண்செய்து பேசிய அட்டவணை இதுவே.

இதனை முரண்பாடு என்று மட்டும் கொள்வது பொருந்தாது. பன்னிரண்டாம் பத்தி மதுவை நல்லதென்றோ தீயதென்றோ கூறவில்லை. அதனைத் தீர்மானிக்கும் இடத்தையே மாற்றுகிறது. மது விலக்கத்தக்கது என்று மக்களிடையே பிரசாரம் செய்யப் போதகருக்கு உரிமை உண்டு. அவ்விலக்கைச் சட்டமாக்கும் உரிமையோ அம்மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்திற்கே உரியது.

கொங்கு வட்டாரத்தில் கள் இறக்கும் உரிமை கோரி எழும் குரலோடு இதனை ஒப்பிடலாம். 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் இராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு, கள்ளையும் சாராயத்தையும் ஒருங்கே தடைசெய்தது. 1987 முதல் கள்ளுக்குத் தடை நிலவ, வடித்தெடுத்த மதுவகைகள் தமிழகத்தில் விற்கப்படுகின்றன. இங்கு அம்முடிவு மாநில அரசிடம் உள்ளது. பன்னிரண்டாம் பத்தி பொருந்தும் பகுதியிலோ, புளிக்கவைத்த மதுவைப் பொறுத்தவரை, மாவட்ட மன்றத்திடம் உள்ளது.

மரபைக் காத்தலின் எல்லை

மரபு காக்கப்பட்டபோது அதன் காவலர் மாறினர். காஸி மரபில் ‘சியெம்’ எனப்படும் தலைவரும் ஆடவர் கூடும் தர்பாரும் ஆட்சி நடத்தினர். தாய்வழிச் சமூகமாயினும் தர்பாரில் பெண்களுக்கு இடமில்லை. ஆறாவது அட்டவணையோ, மன்ற உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர்க்குக் குறையாமல் வயதுவந்தோர் வாக்குரிமையால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்றது. இதனால் பெண்கள் வாக்காளராயினர். சியெம்களின் நியமனம் மன்றத்தின் அதிகாரத்திற்குள் வந்தது. 1952இல் ஐக்கிய காஸி–ஜைந்தியா மலை மாவட்ட மன்றம் தொடங்கப்பட்டபோது மரபுத் தலைமையின் ஆதரவாளர்கள் எதிர்த்தமைக்கு இதுவே காரணம்.

இவ்வதிகாரத்திற்கு மற்றொரு முகமும் உண்டு. யார் காஸி என்பதை வரையறுக்கும் குலமரபுச் சட்டத்தைக் காஸி மலை மாவட்ட மன்றம் 1997இல் இயற்றியது. மரபைக் காக்கும் உரிமை, உறுப்பினரை வரையறுக்கும் உரிமையாகவும், அதன்வழி விலக்கும் உரிமையாகவும் விரியக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

பிறநாட்டுப் போதகரோடு ஒப்பீடு

நெதர்லாந்தின் ஆபிரகாம் கைப்பர் போதகராயிருந்து 1901இல் பிரதமரானவர். குடும்பம், திருச்சபை, கல்வி என ஒவ்வொரு துறைக்கும் தனி ஆளுகை உண்டு. அரசு அவற்றை விழுங்கலாகாது என்பது அவர் கொள்கை. வட அயர்லாந்தின் இயன் பெய்ஸ்லி 1951இல் தனித் திருச்சபையையும் 1971இல் கட்சியையும் நிறுவி, 2007இல் முதலமைச்சரானவர். ஒருபாலுறவைக் குற்றமாகக் கருதிய சட்டம் தொடர வேண்டுமென 1970களின் இறுதியில் இயக்கம் நடத்தினார். பெய்ஸ்லி, சமய ஒழுக்கத்தை அரசின் சட்டத்தால் நிலைநிறுத்த முயன்றார். ஆறாவது அட்டவணையின் நெறி கைப்பரின் கருத்துக்கு அணுக்கமானது. ஆயின் கைப்பர் காத்தது பெரிதும் தம் சமயத்தாரின் உரிமையை. நிக்கல்ஸ் ராய் காத்த மரபில், தம் சமயத்தை ஏற்காதாரின் வழக்கங்களும் அடங்கும்.

முடிவுரை

நிக்கல்ஸ் ராய் 1959 நவம்பரில் மறைந்தார். 1972 ஜனவரி 21 அன்று மேகாலயா முழு மாநிலமாயிற்று. ஆறாவது அட்டவணை அங்கு இன்றும் நடைமுறையில் உள்ளது. சமயப் பழமைவாதம் அரசியலுள் புகும்போது பிறர் வாழ்வைச் சட்டத்தால் திருத்தவே முனையும் என்ற பொதுக்கருத்துக்கு அவர் வாழ்க்கை ஒரு விதிவிலக்கு. தாம் ஏற்காத வழக்கத்தையும் அதனை உடைய மக்களே சீர்தூக்கிக் கொள்ளட்டும் என்னும் நெறியே அவர் அரசியலின் பயனாக எஞ்சியுள்ளது. சமயம், வழக்காறு, மதுவிலக்கு ஆகியவற்றைத் தமிழகச் சூழலில் ஆராய்வோர்க்கு அந்நெறி பயன்தரும் ஓர் ஒப்பீட்டுக் களமாகும்.