ஒரே ஆலையை நம்பிய மருந்து

மலேசியாவின் கோலா கங்சாரில் 1877இல் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று, பழைய மரமாக மாவட்ட அலுவலகத்துக்கு அருகே இன்னும் நிற்கிறது. மரம் வளர்ந்தால் மட்டும் போதாது, பாலும் கெடாமல் ஆலை சேர வேண்டும் என்பது தோட்டத்தாருக்குத் தெரிந்த சங்கதி. மரத்தில் கட்டிய மங்கில் வடிவது, பொடிப்பொடியான ரப்பர் துகள்கள் நீரில் மிதக்கும் கலவை. நேரம் போனால் உறைந்துவிடும். பாலாகவே வேண்டுமென்றால் அம்மோனியா விட்டாக வேண்டும். நானோ மருந்தின் பாடும் ஏறத்தாழ இதுவே. 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்சில், டாக்சோரூபிசின் என்ற பழைய புற்றுநோய் மருந்தைச் சுமார் 80 முதல் 100 நானோமீட்டர் கொழுப்புக் குமிழ்களில் அடைத்துத் தருகிறது. குமிழுக்குள் அம்மோனியம் சல்பேட் கரைசல் இருக்கும். உள்ளே புகுந்த மருந்து படிகமாகி அங்கேயே சிக்கிக்கொள்ளும். ஆய்வகக் குடுவையில் கொஞ்சம் செய்து காட்டிவிடலாம். பெரிய தொட்டிக்குப் போனால் சூடு, கலக்கும் வேகம், சவ்வுத் துளை வழியே பிழியும் அழுத்தம் எல்லாமே வேறு கணக்கு. குமிழின் அளவு மாறினால், உடம்புக்குள் மருந்து போய்ச் சேரும் இடமும் மாறக்கூடும். கொதிக்கவைத்துக் கிருமி நீக்கவும் வழியில்லை, நுண்வடிகட்டிதான் கதி. ஆக, இங்கே செய்முறையும் மருந்தின் ஒரு பாகம்.

அப்படிப்பட்ட மருந்தை ஒரே ஆலையை நம்பி விட்டால் என்ன ஆகும் என்பதை 2011 காட்டியது. டாக்சிலைத் தயாரித்துவந்த ஒஹையோ ஆலையில் உற்பத்தி நின்றது. அமெரிக்க நோயாளிகளுக்கு மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டது. 2012 பிப்ரவரியில், அதே வகை மருந்தான சன் பார்மாவின் லிப்போடாக்ஸை இந்தியாவிலிருந்து இறக்கிக்கொள்ள அந்நாட்டு மருந்து நிர்வாகம் தற்காலிக இசைவு தந்தது. ஏறத்தாழ ஓராண்டில் அந்நிறுவனத்தின் ஜெனரிக் வடிவத்துக்கு முழு அனுமதியும் கிடைத்தது. இந்தியாவிலும் இதுபோன்ற தட்டுப்பாடு வந்தது. 2021 மே மாதம் கருப்புப் பூஞ்சை பரவியபோது, அதற்கான, கொழுப்புக் குமிழில் அடைத்த ஆம்போடெரிசின்-பி மருந்து கிடைக்காமல் குடும்பங்கள் ஊர் ஊராக அலைந்தன. அரசு மேலும் ஐந்து நிறுவனங்களுக்கு அவசரமாக உரிமம் கொடுத்தது. உரிமம் ஒரு நாளில் கிடைத்துவிடும், குமிழைச் சரியாகச் செய்யும் கைப்பழக்கம் அப்படி வராது.

செய்முறையே மருந்தென்றால் இன்னோர் ஆலையின் சரக்கு வேறு மருந்துதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, லிப்போடாக்ஸ் பற்றியே சில அமெரிக்க ஆய்வாளர்கள் ஐயம் எழுப்பினார்கள். ஆனால் அதற்குப் பரிகாரம் குமிழின் அளவு, மருந்து கசியும் வேகம், ரத்தத்தில் தங்கும் நேரம் ஆகியவற்றை ஒப்பிட்டுச் சோதிப்பது; இரண்டாவது ஆலையே வேண்டாம் என்பதல்ல. செலவு கூடுமே என்பது அடுத்த ஆட்சேபம். கூடும்தான், ஆனால் அதை மட்டுப்படுத்த வழியுண்டு. 2021இல் மலேசியாவுக்கும் வந்த, இதேபோல் கொழுப்புத் துகள்களில் அடைத்த ஃபைசர் தடுப்பூசிக்கு, அந்நிறுவனம் ராட்சதத் தொட்டி கட்டவில்லை. உள்ளங்கையில் அடங்கும் கலப்பான்களைப் பக்கம் பக்கமாக அடுக்கி ஓட்டியது. அப்படி அடுக்கும் முறையில், இரண்டாவது ஆலையைச் சிறிதாகத் தொடங்கிப் பிறகு பெருக்கிக்கொள்ளலாம்.