ஃபராகோ, பெட்ரிக்கோர், ஓவர்மாரோ... அபூர்வ ஆங்கில வார்த்தைகளை மனசுல நிறுத்துவது எப்படி?

மீட்டிங்கில் யாரோ ஒரு புது வார்த்தையைச் சொல்கிறார். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். அர்த்தம் தெரியாதவரும், 'நமக்கு மட்டும்தான் தெரியலையோ' என்று நினைத்துக்கொண்டு கூடவே தலையாட்டுகிறார்.

உண்மையிலேயே அவருக்கு மட்டும்தான் தெரியாதா? 2017 மே மாதம், காங்கிரஸ் எம்.பி. சசி தரூர் தன்னைப் பற்றி வந்த டிவி செய்தியை மறுத்து ட்விட்டரில் ஒரு பதிவு போட்டார். அதில் 'ஃபராகோ' என்று ஒரு வார்த்தை. இந்தியாவில் அதன் அர்த்தத்தைத் தேடியவர்களின் எண்ணிக்கை திடீரென எகிறியதாக ஆக்ஸ்ஃபோர்டு டிக்‌ஷனரி தரப்பே சொன்னது. நல்லா இங்கிலீஷ் பேசுறவங்களும் அன்று டிக்‌ஷனரியைத்தான் தேடிப் போனார்கள்!

ஃபராகோ என்றால் என்ன?

லத்தீனில் இது கால்நடைகளுக்குப் போடும் கலப்புத் தீவனம். அதிலிருந்து, சம்பந்தமில்லாத விஷயங்களின் குழப்பமான கலவை என்ற அர்த்தம் வந்தது. 'உண்மையும் பொய்யுமா கலந்துகட்டி அடிச்சுவிட்டிருக்காங்க' என்கிறோமே, அந்தக் கலவைதான் ஃபராகோ.

29 எழுத்து வார்த்தை

2018 அக்டோபரில் தன் புதிய புத்தகத்தை அறிவித்த தரூர், 'ஃப்ளாக்சினாசினிஹிலிபிலிஃபிகேஷன்' என்ற வார்த்தையைப் பயன்படுத்தினார். ஆங்கிலத்தில் 29 எழுத்துகள். கம்பளிப் பிசிறு, அற்பம், ஒன்றுமில்லை, முடி எனப் பொருள்படும் நான்கு லத்தீன் சொற்களை ஒட்டவைத்த வார்த்தை இது. ஒன்றை மதிப்பே இல்லாததாகக் கருதுவது என்று அர்த்தம். நம்ம பாஷையில், 'தூசுக்குக்கூட மதிக்காதது'.

நமக்குச் சாதாரணம், அங்கே அபூர்வம்

மழை பெய்ததும் காய்ந்த மண்ணிலிருந்து எழும் வாசனைக்கு ஆங்கிலத்தில் 'பெட்ரிக்கோர்' என்று பெயர். 1964-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் உருவாக்கிய சொல். கிரேக்கத்தில் 'பெட்ரா' என்றால் கல்; 'இக்கோர்' என்பது புராணத்தில் தெய்வங்களின் உடலில் ரத்தத்துக்குப் பதில் ஓடும் திரவம். தமிழில் அது சின்ன வயசிலிருந்தே தெரிந்த மண்வாசனை!

'ஓவர்மாரோ' என்பது வழக்கொழிந்த ஆங்கிலச் சொல். அர்த்தம்: நாளை மறுநாள்.

மனசுல நிற்க 3 வழிகள்

1. பிரித்துப் பாருங்கள்: அமெரிக்காவின் ஸ்பெல்லிங் பீ போட்டியில், ஒரு வார்த்தை எந்த மொழியிலிருந்து வந்தது என்று போட்டியாளர்கள் கேட்கலாம். வேர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

2. தமிழில் தேடுங்கள்: வார்த்தை புதுசாக இருக்கலாம். அது சொல்லும் விஷயம் பெரும்பாலும் நமக்குத் தெரிந்ததாகவே இருக்கும்.

3. சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதுங்கள்: உங்கள் வாழ்க்கையில் நடந்ததை வைத்து எழுதினால் மறக்காது.

ஆபீஸ் மெயிலில் எழுதலாமா?

தரூர் எழுதினால் டிக்‌ஷனரியைத் தேடுவார்கள். உங்கள் மெயிலைப் படிக்கும் கிளையன்ட் தேட மாட்டார். புரியாமலே அடுத்த மெயிலுக்குப் போய்விடுவார். இந்த வார்த்தைகள் படித்து ரசிக்க அருமையானவை. வேலை நடக்க எளிய வார்த்தைகளே போதும்.

அடுத்த மீட்டிங்கில் புரியாத வார்த்தை வந்தால், 'அப்படின்னா என்ன?' என்று தைரியமாகக் கேளுங்கள். தலையாட்டிக்கொண்டிருக்கும் இன்னும் நாலு பேர் மனசுக்குள் நன்றி சொல்வார்கள்.