அண்டை எண்களும் அவற்றின் இடைவெளியும்

எண்களுக்கு நடுவே எண்கள் முடிவின்றி உள என்பது நாம் இளம்பருவத்தே கற்ற பாடம். கணினியினுள்ளே இப்பாடம் செல்லாது. ஆங்கு மிதவைப் புள்ளி எண் ஒவ்வொன்றுக்கும் அடுத்த வீட்டார் உளர். இடையே உள்ளது வெறும் வெளி. இவ்வெளியின் அகலம் அறியாது சி மொழியில் கணக்கு இயற்றும் மாணாக்கர் ஏமாறுவது திண்ணம்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் பட்டறைகளில் கையாளும் வெர்னியர் கோலின் மீச்சிற்றளவு 0.02 மில்லிமீட்டராயின், கோலின் தொடக்கத்திலும் முடிவிலும் அதுவே. கணினியின் கோல் அத்தகையதன்று. 1985-ஆம் ஆண்டின் ஐ.இ.இ.இ. 754 நியமப்படி, டபிள் எண்ணுக்கு 64 பிட்டுகள்: குறிக்கு 1, அடுக்குக்கு 11, பின்னத்துக்கு 52. ஆதலின் 1-க்கும் 2-க்கும் நடுவே அண்டை எண்களின் இடைவெளி, 2-இன் −52-ஆம் அடுக்கு. 2-இன் அடுக்கு ஒவ்வொன்றையும் கடக்குந்தோறும் அஃது இரட்டிக்கும்.

இதன் விளைவை நம் நாட்டவர் ஒருவரது எண்ணைக் கொண்டே காட்டலாம். 1912-இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்த ஸ்ரீநிவாச ராமாநுஜன், 1914-இல் வெளியான தம் கட்டுரையில் ஓர் எண்ணைத் தந்தார். இயல் மடக்கையின் அடியெண்ணை, பையை 58-இன் வர்க்கமூலத்தால் பெருக்கிய அளவுக்கு அடுக்கேற்றினால் 24591257751.99999982 வரும் என்பதே அது. முழுவெண்ணை இத்துணை நெருங்கியும் முழுவெண்ணாகாது நிற்பதன்றோ அதன் வியப்பு! அவ்வெண் உள்ள இடத்தில் டபிள்களின் இடைவெளி 262144-இல் ஒரு பங்கு, அதாவது 0.0000038. ராமாநுஜன் காட்டிய குறையோ 0.00000018. எனவே பிழையறக் கணித்து, அருகிலுள்ள டபிளுக்குச் சரிசெய்தாலும் 24591257752 என்றே விடை அமையும். அவ்வியப்பு இடைவெளியில் வீழ்ந்து மறையும். நடைமுறையில் இன்னுங் கேடுண்டு: ஏற்றும் அடுக்கு ஒரு படி பிசகின், விடை ஏறத்தாழ 23 படி பிசகும்.

அண்டை எண்ணைக் காணும் வழி யாது? 1999-ஆம் ஆண்டின் சி நியமம் நெக்ஸ்ட்ஆஃப்டர் என்னும் சார்பைத் தந்தது. அதற்கு இரண்டு எண்கள் கொடுத்தல் வேண்டும். முதலாவது நாம் நிற்கும் இடம், இரண்டாவது செல்லுந் திசை. 24591257752-ஐயும் 0-ஐயும் கொடுத்தால் 24591257751.9999962 கிடைக்கும். இச்சார்பின்றியும் வழியுண்டு. நேர் எண்ணின் 64 பிட்டுகளை மெம்காப்பி கொண்டு முழுவெண்ணாகப் பிரதி செய்து, 1 கூட்டி, மீண்டும் டபிளாக்கினால் மேலண்டை எண் வரும். எதிர் எண்ணுக்கு இதே கூட்டல் கீழண்டையைத் தரும்.

சிலர் டிபிஎல்_எப்சிலான் என்னும் மாறிலியைக் கூட்டியே அடுத்த எண்ணை அடைய முயல்வர். 1-க்கு அது பொருந்தும். ராமாநுஜனது எண்ணோடு அதனைக் கோடி முறை ஒவ்வொன்றாய்க் கூட்டினும், எண் நின்ற இடத்திலேயே நிற்கும்.