அதே மசாலா, அதே கை... எண்ணெயை மாத்தினா மட்டும் குழம்பு ருசி மாறுவது ஏன்?

புளி அதே, மசாலா அதே, சமைக்கிற கையும் அதே. ஆனா எண்ணெயை மட்டும் மாத்திவிட்டால், "இன்னைக்கு குழம்பு என்னமோ மாதிரி இருக்கே" என்ற கேள்வி சாப்பாட்டுத் தட்டில் இருந்து வந்துவிடும்.

விலை ஏறும்போதெல்லாம் பல வீடுகளில் நடப்பது இதுதான். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் சூரியகாந்தி எண்ணெய் விலை எகிறியது. அதே ஆண்டு ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதிக்குத் தடை போட்டு, மே மாதம்தான் விலக்கியது. இந்தியா தனக்குத் தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கும் மேல் வெளிநாட்டில் இருந்து வாங்குகிறது. அதனால் எங்கோ நடக்கும் போர் நம்ம வீட்டு வாணலி வரை வந்துவிடுகிறது.

அப்படி விலை குறைந்த எண்ணெய்க்கு மாறினால் ருசி போய்விடுமா? எதில் மாத்தினால் தெரியாது, எதில் மாத்தவே கூடாது? பார்க்கலாம்.

எண்ணெய்க்கு ருசி எங்கிருந்து வருகிறது?

எண்ணெய் ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி வாசனைதான். உணவை மெல்லும்போது அதன் மணம் தொண்டை வழியாக மூக்கின் பின்பக்கம் ஏறும். அதை மூளை ருசியாக எடுத்துக்கொள்ளும். ஜலதோஷம் பிடித்தால் சாப்பாடு சப்பென்று இருப்பதும் இதனால்தான்.

செக்கில் ஆட்டிய எண்ணெயில் வித்தின் மணம் அப்படியே தங்கியிருக்கும். தேங்காய் எண்ணெயின் மணத்துக்குக் காரணம் லாக்டோன் எனப்படும் வேதிப்பொருட்கள். வறுத்த எள், வறுத்த கடலையின் மணத்துக்கு பைரசீன். தமிழ்நாட்டில் நல்லெண்ணெய் ஆட்டும்போது எள்ளோடு கருப்பட்டி சேர்ப்பது வழக்கம். எண்ணெயும் பிண்ணாக்கும் நன்றாகப் பிரிய அது உதவும்.

ரீஃபைண்ட் செய்யும்போது என்ன நடக்கிறது?

ஆலையில் முதலில் எண்ணெயில் உள்ள பசைப் பொருள் நீக்கப்படும். அடுத்து அமிலம் நீக்கப்படும். பிறகு ஒரு வகைக் களிமண்ணால் நிறம் எடுக்கப்படும். கடைசியாக, வெற்றிடத்தில் 200 டிகிரி செல்சியஸுக்கும் மேலான வெப்பத்தில் நீராவியைச் செலுத்துவார்கள். இந்தக் கட்டத்துக்குப் பெயரே வாசனை நீக்கம்.

அதாவது, மணத்தை எடுப்பதுதான் வேலையே. அதனால்தான் ரீஃபைண்ட் கடலை எண்ணெய், ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெய் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தால் வித்தியாசம் சொல்வது கஷ்டம்.

அப்படியென்றால் பாமாயில் மட்டும் ஏன் தனியாகத் தெரிகிறது? காரணம் மணம் இல்லை, கொழுப்பின் தன்மை. பாமாயிலில் சீக்கிரம் உறையும் பால்மிட்டிக் அமிலம் அதிகம். ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குத் தரப்படும் பாமாயில், உறையும் பகுதியைப் பிரித்து எடுத்த பாமோலின்தான். இருந்தாலும் மார்கழிக் குளிரில் அது கலங்கி, அடியில் கட்டி தட்டும். அதில் செய்த பலகாரம் சூடாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது. ஆறினதும் வாயில் மெல்லிய படலம் ஒட்டிய மாதிரி இருக்கும்.

சூடு ஏறினால் மணம் பறக்கும்

வாசனைப் பொருட்கள் லேசானவை, சூட்டில் ஆவியாகிவிடும். மேற்கு வங்கத்தில் கடுகு எண்ணெயைப் புகை வரும் வரை காய்ச்சிவிட்டுச் சமைப்பது, அதன் சுள்ளென்ற நெடியைக் குறைக்கத்தான். கொரியா, ஜப்பானில் வறுத்த எள்ளில் எடுக்கும் எண்ணெயைப் பெரும்பாலும் கடைசியில் சில சொட்டு விடுவது, மணம் போகாமல் காப்பாற்ற.

நம்ம சமையலும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெயைக் காய்ச்சாமல் ஊற்றுகிறோம். அவியலை இறக்கிய பிறகுதான் பச்சைத் தேங்காய் எண்ணெய் விடுகிறார்கள். இங்கே எண்ணெயே ருசி. மாத்தினால் முதல் வாயிலேயே தெரியும்.

தாளிக்கும்போது கதை வேறு. கடுகு, சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலை ஆகியவற்றின் மணம் தண்ணீரை விட எண்ணெயில்தான் நன்றாகக் கரையும். அந்த மணத்தைச் சுமந்துபோய் சாம்பார் முழுக்கப் பரப்பும் வண்டிதான் எண்ணெய். தனக்கென்று மணம் இல்லாத எண்ணெயும் இந்த வேலையைச் சரியாகச் செய்யும்.

பொரித்தால் வரும் மணம் எப்படி?

வடை, பஜ்ஜி பொரிக்கும்போது வரும் மணத்தில் ஒரு பங்கு, எண்ணெயில் உள்ள லினோலெயிக் அமிலம் சூட்டில் உடைவதால் வருவது. வழக்கமான சூரியகாந்தி எண்ணெயில் இந்த அமிலம் அதிகம். சோயா எண்ணெயில் இதோடு லினோலெனிக் அமிலமும் இருக்கிறது. அது சீக்கிரம் கெடும் என்பதால், நாள்பட்டால் சோயா எண்ணெயில் ஒருவித மீன் வாடை தட்டும்.

எண்ணெய் மாறினால் ருசி மாறும் என்பதற்குப் பெரிய உதாரணம் மெக்டொனால்ட்ஸ். அமெரிக்காவில் உருளைக்கிழங்கு ஃபிரெஞ்ச் ஃபிரைஸை மாட்டுக் கொழுப்பில் பொரித்துவந்த அந்த நிறுவனம், 1990-ல் தாவர எண்ணெய்க்கு மாறியது. பழைய ருசியைக் கொண்டுவர மாட்டிறைச்சி சார்ந்த சுவையூட்டியைச் சேர்த்தது. இது தெரியவந்ததும் 2001-ல் சைவ உணவுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1 கோடி டாலர் கொடுத்து நிறுவனம் சமரசம் செய்துகொண்டது.

சரி, எதுக்கு எந்த எண்ணெய்?

* மாத்தக் கூடாதவை: இட்லிப் பொடி, புளியோதரை, வத்தக்குழம்பு, ஊறுகாய் ஆகியவற்றுக்கு நல்லெண்ணெய். அவியலுக்கும் நேந்திரம் சிப்ஸுக்கும் தேங்காய் எண்ணெய். நல்லெண்ணெயில் உள்ள சீசமால் போன்ற பொருட்கள் அது சீக்கிரம் காறிப்போகாமல் தடுக்கும். ஊறுகாய்க்கு அதையே ஊற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

* மாத்தினாலும் தெரியாதவை: சாம்பார் தாளிப்பு, பொரியல், மசாலா தூக்கலாக இருக்கும் கறிக்குழம்பு. ரீஃபைண்ட் எண்ணெய் எதுவானாலும் போதும்.

* பொரிப்பதற்கு: ரீஃபைண்ட் எண்ணெய் அதிக சூடு தாங்கும். செக்கு எண்ணெய் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே புகையும். புகைந்தால் கண் எரியும், பலகாரம் கசக்கும்.

* ஆறவைத்துச் சாப்பிடும் முறுக்கு, சீடைக்கு: கடலை எண்ணெய். பாமாயில் என்றால் வாயில் படலம் தெரியும்.

கவனிக்க வேண்டியவை

பாக்கெட்டில் கலப்பு எண்ணெய் என்றிருந்தால், எந்த எண்ணெய் எத்தனை சதவீதம் என்று லேபிளில் பாருங்கள். முன்பக்கம் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை மட்டும் நம்பி வாங்கினால், எதிர்பார்த்த மணம் கிடைக்காது.

பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் கறுத்து, நுரை கட்டி, காறல் வாடை வரும். கெட்டுப்போன எண்ணெயில் போலார் சேர்மங்கள் என்ற பொருட்கள் கூடிக்கொண்டே போகும். அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. 2018 ஜூலை 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

செக்கு எண்ணெய் என்பதால் தாராளமாக ஊற்றலாம் என்றும் இல்லை. எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான்.

ஆக, விலை ஏறும் மாதத்தில் எல்லாவற்றையும் ஒரே எண்ணெய்க்கு மாத்த வேண்டியதில்லை. தாளிக்கவும் பொரிக்கவும் விலை குறைந்த எண்ணெய் ஒன்று, கடைசியில் ஒரு ஸ்பூன் விட நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ சின்ன பாட்டிலில் ஒன்று. இந்த இரண்டும் இருந்தால் செலவும் குறையும், "என்னமோ மாதிரி இருக்கே" என்ற கேள்வியும் வராது.