வன்மர வணிகப் புள்ளிவிவரங்களும் தோட்டத்துப் பால்மரமும்

முன்னுரை

சிரம்பானை அடுத்த தெமியாங் உள்ளிட்ட நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் 'மரம் வெட்டுதல்' என்றால் பால் வெட்டுதல் என்றே பொருள். பால் வற்றிய மரம் நெடுங்காலம் விறகாகவும் கரியாகவுமே பயன்பட்டது. 1980களில் அது ஏற்றுமதிப் பொருளாயிற்று. நாடுகளின் வன்மர வணிக அளவுகளை ஒப்பிடும்போது எழும் சிக்கல்களை இப்பால்மரத்தின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

வன்மரம் எனும் சொல்

'வன்மரம்' என்பது மரத்தின் உறுதியைக் குறிப்பதன்று. ஊசியிலை மரம் அல்லாத, அகன்ற இலை மரங்களைக் குறிக்கும் வணிக வகைப்பாடு. வைரம் தெளிவாகப் பிரிந்து தோன்றாத பால்மரமும் இவ்வகையுள் அடங்கும். தொல்காப்பிய மரபியல் அகக்காழ் உடையவற்றை மரம் என்றும் புறக்காழ் உடையவற்றைப் புல் என்றும் பகுக்கிறது. இப்பகுப்பின்படி செம்பனை மரமன்று. இன்றைய வணிகப் பட்டியலும் அதனை வன்மரமாகக் கொள்வதில்லை.

தடைகளும் எண்களும்

தீபகற்ப மலேசியா அடிமர ஏற்றுமதியை 1985இல் முற்றிலும் நிறுத்தியது. இந்தோனேசியாவும் அவ்வாண்டில் அவ்வாறே செய்தது. 1988ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப் பின், தாய்லாந்து 1989இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைத் தடைசெய்தது. ஆகவே, இந்நாடுகளின் அடிமர ஏற்றுமதிக் குறைவைக் கொண்டு மரத்தொழில் நலிந்தது என முடிவுகட்டுதல் பிழையாகும். மரம் அறுத்த பலகையாகவும் ஒட்டுப்பலகையாகவும் தளவாடமாகவும் வேறு பட்டியல்களுக்கு இடம்பெயர்ந்தது.

பால்மரம் இதற்குச் சிறந்த சான்று. அதில் மாவுச்சத்து மிகுதி. வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சையும் துளைக்கும் வண்டும் பற்றும். உடனடியாக அறுத்து, போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தால் செலுத்தி, சூளையில் உலர்த்தும் முறை நிலைபெற்றதும் அது தளவாடத் தொழிலின் முதன்மை மூலப்பொருளாயிற்று. உள்நாட்டு ஆலைகளின் தேவை கருதி, 2017இல் மலேசியா பால்மரப் பலகை ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. தாய்லாந்தோ பலகையைப் பெருமளவில் சீனாவுக்கு விற்கிறது. பலகையின் கன மீட்டரை மட்டும் ஒப்பிட்டால் மலேசியா பின்தங்கியதாகத் தோன்றும். ஆனால், நாற்காலியும் மேசையும் பண மதிப்பிலேயே பதிவாகின்றன.

எண்கள் காட்டாதவை

பால்மரத்தை 25 முதல் 30 ஆண்டுகளில் வெட்டி மறுநடவு செய்வர். மீண்டும் பால்மரமே நடப்பட்டால் அடுத்த சுழற்சியிலும் பலகை கிடைக்கும். செம்பனை நடப்பட்டால் அந்நிலத்தின் மர வரவு அத்துடன் முடியும். 1980ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 20 இலட்சம் எக்டராக இருந்த மலேசிய ரப்பர் பரப்பு, பின்னர் ஏறத்தாழ 11 இலட்சமாகச் சுருங்கியது. பெருந்தோட்டங்களின் பங்கு மிகவும் குறைந்து, எஞ்சிய பரப்பில் பெரும்பகுதி சிறு தோட்டக்காரர்களிடம் உள்ளது. எனவே, ஓராண்டில் மர அளவு உயர்வது வளர்ச்சியாகவும் இருக்கலாம். இருப்பை அழித்து விற்றதாகவும் இருக்கலாம். பால் வெட்டை நம்பியிருந்த தமிழ்க் குடும்பங்கள் தோட்டத்தை விட்டு வெளியேறியதை அவ்வுயர்வு சுட்டுவதில்லை.

முடிவுரை

வணிக அளவுகளை ஒப்பிடுவோர் பொருளின் வடிவம், அளவை அலகு, அரசின் தடை, மறுநடவுப் பயிர் ஆகிய நான்கையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். தோட்டப்புற வரலாற்றைக் கற்பிக்கும் தமிழாசிரியர்களுக்கு இப்புள்ளிவிவரங்கள் பயன்மிக்க சான்றுகளாகும். எனினும், அவற்றை அம்மரங்களை நம்பி வாழ்ந்த மக்களின் வரலாற்றோடு இணைத்துக் கற்பித்தாலே பொருள் முழுமையுறும்.